கோணி ஊசியும் நான் அனுப்பிய விதிகளும்

1

போன ஜூன் மாதம் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். கனடாவில் நடுத்தரமான ஓர் ஊரின் பொது நூலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் ஆகியிருந்தது. கேக்கோடு சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜும் தந்தார்கள். தென்காசியில் என் அப்பா போலீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றபோது ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அது மறுவாரமே நின்றுவிட்டது. பேட்ஜுக்கு அந்தக் கவலையும் இல்லை.

கேக்குக்கு என்று தனியாக நேரம் ஒதுக்க முடியாததால் ஒரு பயிற்சி வகுப்பின் இடைவேளையில் வெட்டினார்கள். பயிற்சியின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'நூலகத்தில் பாதுகாப்பும் நல்வாழ்வும்: சமூகத்தை மையமாக வைத்து'. பெரிய நகரத்தில் இருந்து ஓர் ஆலோசகர் அம்மாள் வந்திருந்தார். கழுத்தில் மூன்று மரமணி மாலைகள். ஆளுக்கு ஐந்து மஞ்சள் சீட்டைக் கொடுத்து, பாதுகாப்பு என்றால் உங்களுக்கு என்ன நிறம் தோன்றுகிறது என்று எழுதச் சொன்னார். நான் பச்சை என்று எழுதினேன். ஏன் என்று கேட்டார். மற்ற எல்லாரும் நீலம் எழுதியிருந்தார்கள் என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை. "காடு" என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்து எனக்கு நன்றி சொன்னார்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே பொது நூலகம் புத்தகம் எடுக்கிற இடம் மட்டும் இல்லை. பனிக்காலத்தில் வீடில்லாதவர்கள் பகல் முழுக்கக் காசில்லாமல் உட்காரக்கூடிய சூடான இடம் இது ஒன்றுதான். குடித்துவிட்டு வருவார்கள். கழிப்பறையில் போதையில் விழுந்து கிடப்பார்கள். தனக்குத் தானே பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று கத்துவார். நான் சேர்ந்த புதிதில் இதற்கு மருந்து, வாசலில் கறுப்புச் சட்டைக் காவலாளியும் சுவரில் இருபத்திரண்டு விதிகளும். தூங்கக் கூடாது. பெரிய பை கூடாது. நாற்றம் கூடாது. கூர்மையான பொருள் கூடாது. மீறினால் உள்ளே வரத் தடை.

பிறகு மேலிடத்துக்கு ஞானம் வந்தது. தடை போடப் போடச் சண்டைதான் கூடுகிறது, தடை செய்யப்பட்டவர் வெளியே குளிரில் விறைத்துக் கிடக்கிறார் என்று கண்டுபிடித்தார்கள். விதிப் பலகையைக் கழற்றினார்கள். காவலாளிக்குக் கறுப்புச் சட்டையை மாற்றிப் பச்சைச் சட்டை கொடுத்து 'நல்வாழ்வுத் துணைவர்' என்று பெயர் வைத்தார்கள். ஆள் அதே ஆள். மூலையில் ஒரு தேநீர் மேஜை வந்தது. வாரத்தில் மூன்று நாள் ஒரு சமூகப் பணியாளர் வந்து உட்கார்ந்தார். எங்களுக்குப் பாடம் நடந்தது. வருகிறவரின் பெயரைத் தெரிந்துகொள். நின்றுகொண்டு பேசாதே, பக்கத்தில் உட்கார்ந்து பேசு. அவருக்கும் கதவுக்கும் நடுவில் நிற்காதே. முதலில் தேநீர், அப்புறம் பேச்சு. இதைச் சொல்லித்தர இரண்டு நாள், மதியச் சாப்பாட்டோடு.

ஏளனமாகச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். ஏளனம்தான். ஆனால் இந்தக் கூத்து வேலை செய்கிறது, அதுதான் எனக்கு எரிச்சல். நாங்கள் மூன்று முறை தடை செய்து துரத்திய ஒரு கிழவர் இருக்கிறார். நிலப்படப் புத்தகத்தின் மேல் தலை வைத்துத் தூங்குவார், எழுப்பினால் வைவார். இப்போது அவர்தான் தேநீர்க் கோப்பைகளைக் கழுவி அடுக்குகிறார். நான் ஒழுங்காக அடுக்கவில்லை என்று என்னையும் வைகிறார்.

2

கேக்கைத் தின்றுகொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. தென்காசியில் என்னோடு பள்ளியில் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழு. இதில் வெளிநாட்டில் இருப்பவர்கள் அறிவுரை அனுப்புவோம், ஊரில் இருப்பவர்கள் காலை வணக்கம் அனுப்புவார்கள். அன்றைக்குப் புகைப்படங்கள் வந்திருந்தன. தென்காசியில் இருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கும் எங்கள் சின்ன நூலகத்துக்குப் புது இரும்புக் கேட், நான்கு மூலையிலும் கேமரா, வாசலில் காவலுக்கு ஓய்வு பெற்ற ஓர் ஏட்டையா. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஆளுயரக் கறுப்புக் கல். அதில் தங்க நிறத்தில் இருபத்திரண்டு விதிகள். அடியில், கேமரா கொடுத்த நன்கொடையாளர் என்று என் பெயர், ஊரும் நாடும் சேர்த்து.

விதிகளைக் கொடுத்ததும் நான்தான்.

போன சீசனில் அங்கே ஒரு தொல்லை இருந்தது. சாரல் விழ ஆரம்பித்தால் குற்றாலத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதி குளிக்க வருகிறது, பாதி குடிக்க வருகிறது. குடித்த கூட்டம் மழைக்கு ஒதுங்குகிறேன் என்று ஈரத் துண்டோடு நூலகத்துக்குள் நுழையும். அங்கே அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் உண்டு. அவர்களிடம் பெயர் கேட்பது, போட்டோ எடுப்பது. ஒரு பிள்ளை படிக்க வருவதையே நிறுத்திவிட்டது. குழுவில் இதை எழுதியதும் எனக்கு வீரம் வந்துவிட்டது. நான் நூலகத்துறை ஆள் அல்லவா. கேமராவுக்குப் பணம் அனுப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எங்கள் கனடா நூலகத்தின் விதிகளை அழகான தமிழில் எழுதி, ஊர் நூலகத்தின் புரவலர் குழுவுக்கு அனுப்பினேன்.

அந்த விதிகளைக் கனடாவில் எங்கள் நூலகம் கழற்றிப் போட்டு அப்போதே இரண்டு வருடம் ஆகியிருந்தது. பலகை நிலவறையில் உடைந்த நாற்காலிகளோடு கிடந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். தேநீர் மேஜை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது எல்லாம் இங்கே சரி, ஊருக்கு இது போதும் என்று நினைத்தேன். பழைய கோட்டையும் பிள்ளையின் சிறுத்துப்போன ஷூவையும் பெட்டியில் கட்டி அனுப்பும்போது என்ன நினைப்போமோ, அதே நினைப்பு.

கல்லின் படத்தை என்னோடு வேலை பார்ப்பவர்களுக்குக் காட்டினேன். ஆலோசகர் அம்மாள் எட்டிப் பார்த்தார். தமிழ் எழுத்து அழகாக இருக்கிறது என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வரவேற்பு வாசகம் என்று சொல்லிவிட்டேன்.

3

அந்தக் கல்லின் எட்டாவது விதி, 'கூர்மையான பொருள் கூடாது', என் தம்பியை வெளியே தள்ளும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்திரண்டு விதிகளையும் மொழிபெயர்த்த அந்த ஞாயிற்றுக்கிழமையில் அவன் ஞாபகம் எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. அதைத்தான் இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

அவன் பெயர் கோமதிநாயகம். நாயகம் என்று கூப்பிடுவோம். இருபத்தாறு வயதில் சிவகிரியில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக எழுத்தர் வேலையில் இருந்தான். ஒரு நாள் அங்கிருந்து நடந்தே தென்காசிக்கு வந்து சேர்ந்தான். காலில் செருப்பு இல்லை. பஸ்ஸில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், அதனால் ஏறவில்லை என்றான். அப்புறம் ஆஸ்பத்திரி, மாத்திரை, நாட்கணக்கில் தூக்கம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு குத்துக்கல்வலசை வீட்டில் அவனும் சித்தியும்தான். ஊர் அவனைக் கோட்டி என்றது. நான் கனடாவில் இருந்துகொண்டு, என் தம்பியும் நூலகத்தில்தான் வேலை பார்க்கிறான் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். என் மகளிடமும் அப்படியே சொல்லியிருந்தேன்.

ஒரு வகையில் அது பொய்யும் இல்லை. தென்காசிக்காரர்களுக்கு ஆனி ஆடிக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மலைக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றில், நூலகத்தின் ஜன்னலைத் திறந்தால் பேப்பர் பறக்கும், சாத்தினால் இருட்டிவிடும், மின்சாரம் போனால் புழுங்கும். ஒருவர் முதல் பக்கத்தைப் பிடித்தால் ஆறாம் பக்கம் அடுத்தவர் மடியில் கிடக்கும். யார் பக்கத்தை யார் எடுத்தது என்று தினமும் சண்டை. இதற்கு நாயகம் ஒரு வழி செய்தான். காலையில் நூலகம் திறந்ததும் வந்த பேப்பர்களை ஒவ்வொன்றாக அடுக்கி, முதுகில் கோணி ஊசியால் மூன்று தையல் போட்டுவிடுவான். சாக்கு தைப்பார்களே, அந்த வளைந்த ஊசி. மூட்டை கட்டுகிற சணல் நூல். தைத்த பேப்பர் காற்றுக்கு அசையாது. நூலகம் திறந்திருக்கும் ஒரு நாள்கூட அவன் இதை விட்டதில்லை.

நூலையும் ஊசியையும் முதலில் கொடுத்தவர் விதைக்கடை அண்ணாச்சி. கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு நூலகத்தில் காலம் தள்ளுகிறவர். பதினோரு மணிக்கு நாயகத்தை எதிரே டீ குடிக்கக் கூட்டிப்போவார். டீயோடு மாத்திரையும் உள்ளே போகும். நாயகம் முணுமுணுக்க ஆரம்பித்தால் பக்கத்து நாற்காலிக்காரர் பேசாமல் எழுந்து வேறு நாற்காலிக்குப் போவார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வருவார். யாரும் அவனை எழுந்து போகச் சொன்னதில்லை. இவர்களுக்கு யாரும் மஞ்சள் சீட்டு கொடுக்கவில்லை.

அண்ணாச்சியை உயர்த்திச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அரசியல் பேசினால் அவர் வாயில் இருந்து வருவதை இங்கே எழுத முடியாது. மரக்கறி வாங்கிய பையைப் புத்தக அலமாரியில் வைப்பார். எங்கள் பழைய விதிகளின்படி அவரையே ஐந்து தடவை தடை செய்திருக்கலாம்.

4

கேக் தின்ற மூன்றாவது வாரம். காலையில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தேன். ஊரில் அப்போது சாயங்காலம்.

"எம்மா, விதைக்கடை பேசுதேன். பதறாத. நாயகம் கெடச்சிட்டான்."

காணாமல் போனதே எனக்குத் தெரியாது. "எங்கன அண்ணாச்சி?" என்றேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"புளியறையில. கேரளா செக்போஸ்ட்டுக்கிட்ட லாரிக்காரனுவளோட நின்னுருக்கான். கிழிஞ்ச மூடையெல்லாம் தச்சுக் குடுத்துருக்கான் பாத்துக்கோ. பரோட்டாக் கடைக்காரர்தான் அவன் சட்டப்பையில கெடந்த நம்பரப் பாத்து எனக்கு அடிச்சாரு. சாப்பாடும் குடுத்துருக்காரு. ரெண்டு நாளா அங்கனதான் கெடந்துருக்கான்."

"ரெண்டு நாளாவா? அங்க எதுக்குப் போனான்?"

"நடந்தே போயிட்டான். இங்கன உள்ள விட மாட்டேங்காவல்லா. வாசல்ல ஏட்டையா ஊசியக் கேட்டாரு. இவன் குடுக்க மாட்டேன்னுட்டான். அவரு கையப் புடிச்சாரு, இவன் கத்திட்டான். குழுவுல கூடிப் பேசி, இனி வரப்புடாதுன்னு எழுதி ஒட்டிட்டாவ. நாலஞ்சு நாள் கேட்டுக்கு வெளிய வந்து நின்னு பாத்துட்டே இருந்தான். பெறவு ஆளக் காணும்."

 புளியறை மலைச்சாலையில் லாரிகள் திரும்புகிற வளைவின் ஓரத்தில், கையில் ஊசியோடு தம்பி நிற்பதுதான் கண் முன்னால் வந்தது. 

அண்ணாச்சி கொஞ்சம் தயங்கினார். "எம்மா, இன்னொண்ணு. அந்தக் கல்லுல உள்ளதெல்லாம் நீ எழுதி அனுப்புனதுன்னு சொல்லுதாவ. நான் நம்பல கேட்டியா. அவ தம்பி விஷயம் அவளுக்குத் தெரியாதான்னு சொல்லிட்டேன்."

பஸ் நூலக நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டது. மூன்று நிறுத்தம் தாண்டி இறங்கித் திரும்பி நடந்தேன். அன்று நிலப்படக் கிழவர் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார், ஒன்றும் கேட்கவில்லை. பயிற்சியில் சொன்ன மாதிரியே செய்தார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

5

அவசர விடுப்புக்குக் கணினியில் ஒரு படிவம் உண்டு. காரணத்தைப் பட்டியலில் இருந்துதான் எடுக்க வேண்டும். மரணம், கடும் நோய், விபத்து, பராமரிப்பு, மற்றவை. 'மற்றவை'யை அழுத்தினால் நூறு எழுத்துக்குள் விளக்கம் கேட்கும். 'நான் அனுப்பிய விதியால் தம்பியை நூலகத்தில் இருந்து துரத்திவிட்டார்கள்' என்று எழுதிப் பார்த்தேன். அழித்துவிட்டுக் கடும் நோய் என்று போட்டேன். நல்வாழ்வு, நல்வாழ்வு என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிற இடத்தில் ஆளுக்கு நோய் வந்தால்தான் மதிப்பு.

வீட்டில் என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும், எங்கிருந்து வருமோ. மாமாவை நூலகத்துக்குள் விடவில்லையாம், ஊருக்குப் போகிறேன் என்று நான் சொன்னதும் அன்று தமிழில் பேசினாள்.

"மாமா லைப்ரரியில வேலை பாக்கிறார்னு சொன்ன. வேலை பாக்கிறவரை எப்படி வெளியே போகச் சொல்லுவாங்க?"

சொல்லிவிட்டேன். நடந்து வந்தது, மாத்திரை, ஊசி, எல்லாவற்றையும்.

"உன் லைப்ரரிக்கு வர்ற அந்த ஓல்ட் மேனைப் பத்தி டெய்லி டின்னர்ல சொல்லுவ. அவர் பேரு, அவர் குடிக்கிற டீ, எல்லாம் எனக்குத் தெரியும். மாமாவைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்னோடு ஊருக்கு வருகிறாயா என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். ஆங்கிலத்தில் பதில் வந்தது. வரவில்லை என்று அர்த்தம்.

விமான நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு கடையில் நீளமான ஸ்டேப்ளர் ஒன்று வாங்கினேன். புத்தக முதுகு தைக்கிற வகை. ஊசிதானே பிரச்சினை, ஊசி இல்லாமல் தைத்தால் முடிந்தது என்று கணக்குப் போட்டேன். என்னைப் போன்றவர்கள் எதையும் ஒரு பொருளை வாங்கித்தான் தீர்ப்போம்.

6

தென்காசியில் இறங்கியதும் நேராகப் புரவலர் குழுத் தலைவர் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. பாதாம் பால் கொடுத்து உபசரித்தார். வரவேற்பறையில் சுவர் அகலத்துக்கு ஒரு தொலைக்காட்சி. அதில் நூலகம் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாங்கிக் கொடுத்த கேமராக்களின் காட்சியை வீட்டுக்கே இணைத்துவிட்டார். நான்கு கட்டங்களிலும் வரிசையாக நாற்காலி, மேஜை, அலமாரி. மனித வாடையே இல்லை.

"பாத்தீங்களாம்மா, எம்புட்டு அமைதி!" என்றார். "முன்னால மீன் சந்தை கணக்கா இருக்கும். எல்லாம் உங்க புண்ணியம்."

நான் தம்பியைப் பற்றிப் பேசினேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார்.

"எனக்கு அவன் மேல கோவம் இல்லம்மா. பாவம், கோட்டிக்காரன். ஆனா எட்டாம் விதியப் பாருங்க. கூர்மையான பொருள் கூடாது. நாங்களா எழுதுனோம்? நீங்க அனுப்புனது. கனடாவுல இருக்குததுதான?"

"அங்க அத எடுத்துட்டாங்க சார்."

"அப்படியா? எப்ப?"

"நான் உங்களுக்கு அனுப்புறதுக்கு முன்னாலயே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்: "பெறவு எதுக்கும்மா எங்களுக்கு அனுப்புனீங்க?"

பத்து வருட அனுபவம், பேட்ஜ், இரண்டு நாள் பயிற்சி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பாதாம் பாலைக் குடித்தேன். இந்த மனிதரைப் பார்க்கிற வரைக்கும் மனதுக்குள் அவரை மூடன், பதவிப் பித்தன் என்று வைதுகொண்டே வந்தேன். அவர் மூடன்தான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனால் நான் தந்ததை நம்பிய மூடன்.

"அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துருங்க சார்" என்றேன்.

"கல்லுல வெட்டியாச்சேம்மா. ஒத்த வரிய எப்படி எடுக்க? கல்லையே மாத்தணும். அதுக்குப் பொதுக்குழு கூட்டணும். பொதுக்குழு தை மாசந்தான்." எழுந்து என்னை வாசல் வரை வழியனுப்பினார். "நீங்க வேணும்னா திருத்துன விதிய எழுதி அனுப்புங்க. கனடாவுல இப்ப என்ன இருக்கோ அத."

7

அன்று இரவு நான் வீட்டுக்கு வந்தபோது நாயகம் மாத்திரை போட்டுத் தூங்கியிருந்தான். மறுநாள் காலையில் நான் எழுந்தபோது வீட்டில் இல்லை. சித்தியிடம் கேட்டேன். "சோலிக்குப் போயிட்டான்" என்றாள். அவளும் சோலி என்றுதான் சொல்கிறாள் என்று அப்போதுதான் கவனித்தேன். எந்தச் சோலி என்று கேட்டதற்கு, நீயே போய்ப் பார் என்று கையை நீட்டினாள்.

நூலகத்துக்கு எதிர்ப்பக்கம், டீக்கடையை ஒட்டி, மூடிக் கிடந்த ஒரு சைக்கிள் ஸ்டாண்டு உண்டு. மேலே தகரம், மூன்று பக்கம் சுவர். அங்கே இரண்டு பெஞ்சு போட்டிருந்தார்கள். அண்ணாச்சி, அவரோடு சண்டை போடுகிற ஐந்தாறு பழைய வாசகர்கள், இன்னொரு பெஞ்சில் தேர்வுப் புத்தகத்தோடு நான்கு பெண்பிள்ளைகள். நடுவில் தரையில் சம்மணம் போட்டு நாயகம். மடியில் பேப்பர், கையில் கோணி ஊசி. காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. தைத்த பேப்பர்கள் அசையவில்லை.

நடந்ததை அண்ணாச்சி சொன்னார். நாயகத்தைப் புளியறையில் இருந்து கூட்டிவந்த மறுநாள், உள்ளே போகாமல் அவர் மட்டும் இங்கே வந்து அவனோடு உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது நாள், உள்ளே சண்டை போட அவர் இல்லாததால் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். பேப்பர் போடுகிறவர் காலையில் கட்டை இங்கே இறக்கிவிடுகிறார். மத்தியானம் படித்து முடித்ததும் கேட் வழியாக உள்ளே கொடுத்துவிடுகிறார்கள். நூலகர் கண்டுகொள்வதில்லை. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை.

"பிள்ளேளும் இங்கன வந்துட்டீங்களா?" என்று பெண்களைக் கேட்டேன்.

ஒரு பெண் சொன்னாள்: "உள்ள கேமராதான் பாக்குது மேடம், அதுவா வந்து கேக்கப் போவுது? போன சீசன்லயே நாங்க நாயகம் அண்ணன் மேசைப் பக்கத்துலதான் உக்காருவோம். அந்த ஊசியப் பாத்தா குடிகாரனுவ கிட்ட வர மாட்டானுவ."

கேட்டின் உள்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ஏட்டையா கம்பி வழியாகக் குரல் கொடுத்தார். "ஏலே நாயகம், வெளையாட்டுப் பக்கம் தச்சாச்சாலே? வெரசாக் கொண்டா!" நாயகம் தைத்த பேப்பர் ஒன்றை எடுத்துப்போய்க் கம்பிக்கு இடையில் நீட்டினான். அவன் கையைப் பிடித்த அதே ஏட்டையா. வாங்கிக்கொண்டு, "நல்லாத் தச்சிருக்க" என்றார்.

திரும்பி வந்தவன் அப்போதுதான் என்னைப் பார்த்தான். ஐந்து வருடம் ஆகியிருந்தது. முன்தலை நரைத்திருந்தான். "வந்துட்டியா" என்றான், நேற்றுப் போனவளைக் கேட்பது போல. நான் அவன் பக்கத்தில் குனிந்து, பயிற்சிக் குரலில், "இப்ப மனசுக்கு எப்படி இருக்குடா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஏன், ஒனக்கு என்ன செய்யுது?" என்றான்.

பையில் இருந்து ஸ்டேப்ளரை எடுத்துக் கொடுத்தேன். ஊசி வேண்டாம், இதை அழுத்தினால் போதும், உள்ளேயும் விடுவார்கள் என்று விளக்கினேன். வாங்கிப் பார்த்தான். ஒரு பேப்பரில் ஓர் அழுத்து அழுத்தினான். பின்பக்கம் திருப்பி, மடங்கிய கம்பியின் மேல் விரலை வைத்துத் தேய்த்தான். தலையை ஆட்டினான்.

"கம்பி கையக் கிழிக்கும்க்கா. பிள்ளேளும் வயசானவாளும் படிக்குத பேப்பரு. ஊசி தச்சுட்டு என் பைக்குள்ள போயிரும். பேப்பர்ல நூலு மட்டுந்தான் இருக்கும். நூலு யாரையும் குத்தாது."

பொறுமையாக, விவரம் இல்லாதவளுக்குச் சொல்வது போலச் சொன்னான். அடித்த கம்பியை நகத்தால் நெம்பி எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். ஸ்டேப்ளரை என்னிடமே திருப்பித் தந்தான்.

எனக்கு அழுகை வந்தது. அங்கேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று தோன்றியது. அண்ணாச்சி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தார். அதற்குள் சாரல் சாய்ந்து அடிக்க ஆரம்பித்தது. எல்லாரும் உள்ளே தள்ளி உட்கார்ந்ததில் பெஞ்சில் இடம் இல்லாமல் போனது. நாயகம் வானத்தைப் பார்த்தான், என் புடவையைப் பார்த்தான், எதிரே இருந்த நூலகத்தைப் பார்த்தான்.

"நனையாதக்கா. நீ உள்ள போயி உக்காரு" என்றான். "உம்பேரு அங்கனதான போட்டுருக்கு."

குத்திக் காட்டவில்லை. அக்கறையாகத்தான் சொன்னான். பெஞ்சில் இருந்த எல்லாரும் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். கல்லில் இருப்பதை நான் எழுதவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்த அண்ணாச்சியும்தான்.

சாலையைக் கடந்தேன். ஏட்டையா எழுந்து நின்று கேட்டைத் திறந்தார். பையைக் காட்டினேன். "ஒங்களுக்குச் சோதனை கெடையாதும்மா" என்றார். உள்ளே நாற்காலிகள் காலியாக இருந்தன. பேப்பர் வைக்கிற மேஜையில் ஒன்றும் இல்லை. கல்லுக்கு முதுகைக் காட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரில் சுவரின் மூலையில் ஒரு கேமரா, அதன் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அன்று காலையில் தலைவர் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓர் ஆள் தெரிந்திருக்கும்.